ஸ்கெலிட்டன் ஆட்டோமேட்டிக் கைக்கடிகாரம்

பேட்டரி இல்லாமல் கையசைவால் ஓடுவது; முகப்பு வெட்டி நீக்கப்பட்டிருப்பதால் உள்ளியக்கம் கண்ணுக்குத் தெரியும். அரைவட்ட எடை ஒன்று சுழன்று சுருள்வில்லை முறுக்குகிறது. வில் தளரத் தளரப் பற்சக்கரங்கள் நகர்கின்றன. அந்த ஓட்டத்தைச் சமனச் சக்கரம் பெரும்பாலும் நொடிக்கு 6 அல்லது 8 துடிப்பாக அளந்து விடுகிறது. ஈர்ப்பு முழுவதும் இந்தத் துடிப்பில்தான். மணி பார்க்க இது தோதானதல்ல: முட்கள் சக்கரங்களுக்குள் தொலைந்துபோகும், நாளுக்குச் சில நொடியாவது பிசகும்.

தானே முறுக்கிக்கொள்ளும் கைக்கடிகாரத்துக்கு ஆங்கிலேயர் ஜான் ஹார்வுட் 1920களில் காப்புரிமை பெற்றார். ஜப்பானின் சிட்டிசன் துணையுடன் 1961இல் பெங்களூரில் கடிகாரத் தயாரிப்பைத் தொடங்கிய எச்.எம்.டி.யின் ஆட்டோமேட்டிக் ரகமான ‘காஞ்சன்’, கல்யாணச் சீராகப் பேர்பெற்றது. 1984இல் டாட்டா, தமிழக அரசின் டிட்கோ கூட்டில் பிறந்து ஓசூரில் ஆலை வைத்த டைட்டன், பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸைப் பரப்பி இந்த ரகத்தை ஓரங்கட்டியது. இன்று அதே நிறுவனம் ஆட்டோமேட்டிக்கும் விற்கிறது.