பசி மையத்திலிருந்து வெகுமதிப் பாதைக்கு: கட்டுப்பாடிழந்த உண்ணலும் மூளைப் படிமங்களும்

பசிக்கு மூளையில் ஓர் இருப்பிடம் உண்டு என்று நிறுவியவர்களில் ஒருவர் இந்தியர். பால் கிருஷ்ண ஆனந்த், யேல் பல்கலைக்கழகத்தில் ஜான் பிரோபெக்குடன் சேர்ந்து 1951-இல் வெளியிட்ட எலி ஆய்வு, ஹைப்போதலாமஸின் பக்கவாட்டுப் பகுதியை இருபுறமும் சிதைத்தால் விலங்கு உணவைத் தொடாமல் பட்டினி கிடக்கிறது என்று காட்டியது. கீழ் நடுப்பகுதி சிதைந்த எலிகள் ஓயாமல் தின்று கொழுப்பது 1940-லேயே தெரிந்திருந்தது. ஒன்று பசி மையம், மற்றது நிறைவு மையம் என்ற கொள்கை இவ்வாறு உருவானது.

அதே 1951-இல்தான் இந்திய நரம்பியல் கழகம் பிறந்தது. அதைத் தொடங்கிய நால்வரில் மூவர் வேலூரின் ஜேக்கப் சாண்டி, சென்னையின் பா. ராமமூர்த்தி, எஸ்.டி. நரசிம்மன். நான்காமவரான பல்தேவ் சிங் பின்னர் தில்லி எய்ம்ஸில் ஆனந்துடன் இணைந்தார். 1962-இல் ‘சயின்ஸ்’ இதழில் ஆனந்த், சின்னா, பல்தேவ் சிங் மூவரும் எழுதிய கட்டுரை, இரத்தத்தில் குளுக்கோஸ் ஏறும்போது நிறைவு மையத்தின் மின்துடிப்பு கூடுவதையும் பசி மையத்தின் துடிப்பு குறைவதையும் பதிவு செய்தது. மூளை உண்ணலை ஆளும் விதத்தை மின்முனை வழியே நேரில் கண்ட தொடக்ககாலப் பதிவுகளில் அது ஒன்று. தென்னிந்திய நரம்பியலின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்தக் கண்ணியைப் போதுமான அளவு கவனிப்பதில்லை என்பது என் எண்ணம்.

ஆனால் வயிறு நிறைந்த பிறகும் நிறுத்த முடியாமல் உண்ணும் மனிதரை இந்த இரு மையங்களால் மட்டும் விளக்க முடியவில்லை. உடல் பருத்தவர்களில் சிலர் இப்படி அலையலையாக உண்பதை 1959-இல் அமெரிக்க உளநல மருத்துவர் ஆல்பர்ட் ஸ்டங்கார்ட் விவரித்தார். கட்டுப்பாடிழந்த உண்ணல் எனப்படும் இது தனி நோயாக ஏற்கப்பட அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. அமெரிக்க உளநல மருத்துவச் சங்கத்தின் கையேடு 1994-இல் அதைப் பிற்சேர்க்கையில் வைத்தது. 2013-இல்தான் முழு நோயாக அங்கீகரித்தது. குறுகிய நேரத்தில் பேரளவு உண்பது, அப்போது தன்வசம் இழப்பது, வாரத்துக்கு ஒருமுறையாவது மூன்று மாதம் தொடர்வது ஆகியவை அதன் அடையாளங்கள். வாந்தி எடுத்தோ பட்டினி கிடந்தோ ஈடுகட்டுவது இதில் வழக்கமாக இராது. வெட்கத்தால் தனியே உண்பதும் அடையாளங்களில் ஒன்று. எல்லாரும் கூடி உண்ணும் வீட்டில் அந்தத் தனிமையை நோயாளி எவ்வளவு பாடுபட்டு உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருக்கும் என்பதை மருத்துவர் நினைத்துப் பார்க்க வேண்டும்.

படிமங்கள் இந்த இடத்தில்தான் நுழைந்தன. 2000-இல் பின்லாந்து ஆய்வர்கள், கட்டுப்பாடின்றி உண்ணும் பருத்த பெண்களுக்கு உணவைக் காட்டி மூளையின் இரத்த ஓட்டத்தை அளந்தனர். இடப்பக்க மூளையில் ஓட்டம் மிகுந்தது. 2011-இல் ஜீன்-ஜாக் வாங், நோரா வோல்கோவ் குழுவினர் பெட் ஸ்கேனில் இன்னும் ஆழமாகப் பார்த்தனர். இக்கோளாறு உள்ள பத்துப் பேரையும், அதே அளவு பருமன் இருந்தும் கோளாறு இல்லாத எட்டுப் பேரையும் ஒப்பிட்டனர். உணவின் மணமும் சுவையும் காட்டி, வெகுமதிச் செய்தியைக் கடத்தும் டோபமினைக் கூட்டும் மருந்தும் கொடுத்தபோது, முதல் குழுவினரின் மூளை ஆழத்திலுள்ள வெகுமதிப் பகுதியான ஸ்டிரையேட்டத்தில் டோபமின் சுரப்பு உயர்ந்தது. உடல் எடை ஒன்றாக இருந்தும் மூளை வேறாக நடந்துகொண்டது. குழு மிகச் சிறியது. எனினும் பருமனும் இந்நோயும் ஒன்றல்ல என்பதற்கு இது ஒரு தெளிவான சான்று.

2013-இல் யேலின் ஐரிஸ் பாலோடிஸ் குழு உணவையே விட்டுவிட்டுப் பணத்தைக் காட்டியது. பணம் கிடைக்கும் என்று காத்திருக்கும் நொடிகளில், கோளாறு உள்ளவர்களின் கீழ் ஸ்டிரையேட்டம் மந்தமாக இருந்தது. தன்னடக்கத்தைச் சோதிக்கும் வேறொரு தேர்வில் மூளையின் முன்மடல் பகுதிகளும் குறைவாகவே இயங்கின. சோறு அகப்பட்டால் விடமாட்டார், மனக்கட்டுப்பாடு இல்லாதவர் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடும் ஒருவருக்குள் வெகுமதியை எதிர்நோக்கும் சுற்றும் அதை அடக்கும் சுற்றும் மாறியிருக்கின்றன. இது காரணமா, பல ஆண்டு உண்ணலின் விளைவா என்பதை இப்படங்கள் தீர்க்கவில்லை.

2022-இல் பென்சில்வேனியாவில் கேசி ஹால்பெர்ன் குழு இருவரின் மூளையில் மின்முனை பொருத்தி, வேட்கை எழும் குறிப்பை உணர்ந்து உடனே தூண்டியது. தன்வசமிழந்த உண்ணல் குறைந்தது. சென்னையிலிருந்து இதைப் படிக்கையில் எச்சரிக்கை வேண்டும், ஏனெனில் நடத்தைக்காக மூளையைத் தொட்ட வரலாறு இங்கும் உண்டு. 1960-களிலும் 70-களிலும் ராமமூர்த்தி, வி. பாலசுப்பிரமணியம், எஸ். கல்யாணராமன், டி.எஸ். கனகா ஆகியோர் சென்னையில், மூளையின் ஆழ்புள்ளியை இலக்கிட்டு அடையும் ஸ்டீரியோடாக்டிக் அறுவையில் உலகக் கவனம் பெற்றனர். நடத்தைக் கோளாறுகளுக்காக, உணர்ச்சியோடு தொடர்புள்ள அமிக்டலாவையும் ஹைப்போதலாமஸையும் அணுகினர். அப்போது எம்.ஆர்.ஐ. கிடையாது, எக்ஸ்ரே படத்தை வைத்தே இலக்கைக் கணித்தனர். அவர்களின் திறமை பெரிது. ஆயினும் நடத்தைக்காக மூளையைத் தொடும் அறவியல் கேள்வி இன்றும் முடிந்துவிடவில்லை.

சென்னையில் இந்நோயின் சாயலைத் தொடக்கத்திலேயே தேடியவர்கள் டி.என். சீனிவாசன், டி.ஆர். சுரேஷ் குழுவினர். 210 மருத்துவ மாணவர்களிடம் நடத்தி 1995-இல் வெளியிட்ட ஆய்வில் 31 பேருக்கு உணவு, எடை குறித்த துயரம் இருந்தது. மேலை நாட்டு உண்ணல் நோய்களின் வரையறைக்குள் அவர்கள் அடங்கவில்லை. 1998-இல் அத்துயரத்தைக் கண்டறிய வினாத்தாள் ஒன்றையும் அவர்கள் வெளியிட்டனர்.

இன்று சென்னை மந்தைவெளியில் பறக்கும் ரயில் ஏறித் தெற்கே போனால், கஸ்தூரிபா நகரில் இறங்கிச் சென்னை ஐ.ஐ.டி.யை அடையலாம். அங்குள்ள சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024-இல் கருக்களின் மூளைகளை 5,132 துண்டுகளாகப் படமெடுத்து ‘தரணி’ என்ற பெயரில் உலகுக்குத் திறந்தது. திருவான்மியூரில் இறங்கினால் ராமமூர்த்தி நரம்பியல் மையம் நிறுவிய வி.எச்.எஸ். மருத்துவமனை. கோபாலபுரத்தில் மெட்ராஸ் நீரிழிவு ஆய்வு அறக்கட்டளை. கருவி, அறிவு, நோயாளி மூன்றும் சில கிலோமீட்டருக்குள் இருக்கின்றன. இந்தப் படிம ஆய்வுகளிலோ பெரும்பாலும் அமெரிக்க, ஐரோப்பிய மூளைகள். காட்டப்பட்டவையும் அவர்களுக்குப் பழகிய உணவுகள். நம் நோயாளிக்கு நம் பலகாரத்தைக் காட்டி எடுத்த படம் தேவை. அதற்கு முன்பே, ஒவ்வொரு நீரிழிவு மருத்துவரும் எடை பார்க்கும்போது “சாப்பிடத் தொடங்கினால் நிறுத்த முடியாமல் போகிறதா?” என்று ஒரு முறை, கடிந்துகொள்ளாமல், கேட்கத் தொடங்க வேண்டும்.