நம்ம ஊருக்குக் குடிதண்ணீர் வந்த கதை

1989-ல் ஐஃபாட் உதவியோடு மகளிர் குழுக்கள் முதன்முதலில் ஆரம்பிக்கப்பட்டது நம் தர்மபுரி மாவட்டத்தில்தான். எங்கள் குழுவில் சேமிப்புக் கணக்கைவிட தண்ணீர்ப் பேச்சுத்தான் அதிகம்.

கிணறு வற்றினபின் போர் போட்டு அடிபம்பு வந்தது. தண்ணி தெளிவா, ருசியா இருந்துச்சு. எல்லாருக்கும் திருப்தி. ஆனால் பிள்ளைகள் பல்லில் காவி ஏறியது. பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் என் மகள் வாயே திறக்கவில்லை, தலையை மட்டும் ஆட்டினாள். மாமியாருக்கு முதுகு விறைத்துப்போனதை வயசுக் கோளாறு என்றே நினைத்தோம்.

பாறையிலிருந்து தண்ணீரில் கரையும் ஃபுளோரைடு அது என்று பிறகுதான் சொன்னார்கள். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாதாம். அதற்கு நிறமில்லை, வாடையில்லை. காய்ச்சினாலும் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும். நானோ பிள்ளைக்கு நல்லதுன்னு காய்ச்சிக் காய்ச்சிக் கொடுத்திருக்கேன்!

2013-ல் ஜப்பான் கடனுதவியில் கட்டிய ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் திறக்கப்பட்டது. வீதிக்குக் காவிரி வந்தும், "மருந்து வாடை அடிக்குது, சப்புன்னு இருக்கு" என்று பாதிப் பேர் அதைத் துணி துவைக்க வைத்துக்கொண்டு, குடிக்கப் பழைய பம்புக்கே குடம் எடுத்தோம். பொய் சொல்வானேன், நானும்தான். குழுக் கூட்டத்தில் ஒரு அக்கா பேரனை நடுவில் நிறுத்தி வாயைத் திறக்கச் சொன்னார். யாரும் பேசவில்லை.

இப்போ காவிரித் தண்ணியை ராத்திரியே மண்பானையில ஊத்தி வெச்சிடுவேன், விடியறதுக்குள்ள வாடை போயிடும். என் பேரனுக்கும் பால்பல் விழுந்து புதுப்பல் முளைக்குது. தினமும் வெளிச்சத்தில நிறுத்திப் பார்க்கிறேன்.