பண்ணை மீனுக்கு யார் சர்ட்டிஃபிகேட் கொடுக்கிறாங்க?

கிருஷ்ணகிரி அணைக்குப் போனா மீன் வறுவல் சாப்பிடாம திரும்புறவங்க குறைவு. தட்டு வந்ததும், 'இது அணை மீனா, பண்ணை மீனா?'னு கேட்கத் தோணும். பண்ணை மீன் என்பதாலேயே பயப்பட வேண்டாம். அந்தப் பண்ணையைச் சோதித்தது யார் என்பதுதான் விஷயம்.

2010-ல் தொடங்கிய ஏ.எஸ்.சி என்ற சர்வதேச அமைப்பு இதற்கு விதிகள் வகுத்திருக்கிறது. ஆனா, பண்ணைக்கு நேரில் போய் கழிவுநீர், தீவனம், ஆன்டிபயாடிக், தொழிலாளர் நிலைமை எல்லாத்தையும் பார்ப்பது தனி தணிக்கை நிறுவனம். கட்டணத்தைப் பண்ணையே கட்டுது என்பது கொஞ்சம் உறுத்தல்தான். அறிக்கை பொதுவெளிக்கு வருவது ஆறுதல்.

பண்ணைக்காரங்க கூப்பிடாமலே நடந்த சோதனையும் தமிழ்நாட்டுல உண்டு. நாகப்பட்டினம் பகுதி இறால் பண்ணைகளை எதிர்த்து காந்தியவாதி எஸ்.ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் போனார். நீதிமன்றம் நாக்பூர் 'நீரி' நிறுவனத்தை ஆய்வுக்கு அனுப்பியது. வருமானத்தைவிட சேதம்தான் அதிகம் என்றது 1995 அறிக்கை. கடலோரப் பண்ணைகளை மூடச் சொல்லி 1996 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. ஆனா, 2005-ல் வந்த சட்டம், பதிவு செய்துகொண்டு தொடர வழிவிட்டது.

அதுவும் கடலோரத்துக்கு மட்டும்தான். பெங்களூரு கழிவோடு தென்பெண்ணை நுரை பொங்கி வரும் ஓசூர் கெலவரப்பள்ளி பக்கம் யாராவது குளம் வெட்டி மீன் வளர்த்தா, அந்தச் சட்டம் பொருந்தாது. அங்கே மீன் வாங்கும்போது நாமதான் கேட்கணும்: தண்ணி எங்கிருந்து வருது, எங்கே போகுது?