வெளுப்பும் கண்ணின்மையும் சான்றாகுமா? குகை மரப்பேன்களின் சிற்றின விளக்கம் குறித்து

குகைக்குள் பிடிபட்ட மரப்பேன் ஒன்றைப் புதிய சிற்றினம் என்று அறிவிக்கும் கட்டுரை ஒரே மூச்சில் இரண்டு செய்திகளைச் சொல்கிறது. இந்த விலங்குக்கு இதுவரை பெயரில்லை என்பது முதலாவது. இது குகையில் மட்டுமே வாழக்கூடியது என்பது இரண்டாவது. முதலாவதை நிறுவ நுண்ணோக்கியும், ஒப்பிட்டுப் பார்க்க அருங்காட்சியக மாதிரிகளும் போதும். இரண்டாவதை நிறுவக் குகைக்கு வெளியே போய்த் தேடியாக வேண்டும். நடைமுறையில் முதலாவதற்குத் திரட்டிய சான்றின் தயவிலேயே இரண்டாவதும் கரையேறிவிடுகிறது. அப்படி விடக்கூடாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

மரப்பேன் பூச்சியல்ல, இறாலும் நண்டும் சேர்ந்த ஓடுடைய கணுக்காலிகளில் ஐசோபாடு வரிசையைச் சேர்ந்தது, நிலத்துக்கு ஏறி வந்துவிட்ட கிளை. ஈரக் கல்லையோ பூந்தொட்டியையோ புரட்டினால் சிதறி ஓடுவதும், சில வகைகள் தொட்டதும் உருண்டுகொள்வதும் இவைதாம். ஏழு இணை நடைக்கால்களுக்குப் பின்னால், வயிற்றின் அடியில், தகடு தகடாக ஐந்து இணை வயிற்றுக்கால்கள் உள்ளன. மூச்சு விடுவது பெரும்பாலும் இவற்றின் வழியாகவே. ஆணிடம் மட்டும் முதல் இரண்டு இணைகளின் உட்கிளைகள் நீண்டு, விந்தைக் கடத்தும் கருவியாகியிருக்கின்றன. நெருங்கிய சிற்றினங்களைப் பிரித்தறிய வகைப்பாட்டாளர் முதலில் பார்ப்பது அந்த உட்கிளையின் வளைவையும் நுனியையும் அதன்மேல் உள்ள நுண்முட்களையும்தான். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான உறுப்பை ஊசிமுனையால் பிரித்தெடுத்து, கண்ணாடித் தகட்டில் பதித்து, வரைந்து காட்ட வேண்டும். பெண் மாதிரி மட்டும் கையில் இருந்தால் பல பேரினங்களில் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

இதில் கவனிக்க வேண்டியது, சிற்றினத்தை நிர்ணயிக்கும் இந்த உறுப்புக்கும் குகைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பது. குகையை நினைவூட்டும் பண்புகள் வேறு: கண் இல்லாமை, நிறமி இல்லாமை, நீண்ட உணர்கொம்புகள், நீண்ட கால்கள். இவை வெவ்வேறு குடும்பங்களில் தனித்தனியே தோன்றியவை. அதனால் உறவுமுறைக்கும் இவை நல்ல சாட்சியல்ல, வாழிடத்துக்கும் முழுச் சாட்சியல்ல. ஐரோப்பாவில் எறும்புப் புற்றுகளில் குடியிருக்கும் பிளாட்டியார்த்ரஸ் ஹாஃப்மான்செகி பால்வெள்ளை நிறமுடையது, கண்ணற்றது. 1833-இல் பிராண்ட் அதற்குப் பெயரிட்டார். அதைக் குகை விலங்கென்று யாரும் சொல்வதில்லை. புற்று இருக்கும் தோட்டத்தில் கல்லைத் தூக்கினாலே அகப்படும். மண்ணுக்குள் வாழும் சிறு வகைகள் பலவும் இப்படித்தான் வெளுத்தும் கண் சுருங்கியும் இருக்கின்றன. இருட்டும் ஈரமும் நிலையாக இருக்கும் எந்த இடமும் இந்த மாற்றத்துக்கு இடம்கொடுக்கும். இன்னொன்றும் உண்டு: ஆல்கஹாலில் நாள்பட்ட மாதிரிகள் நிறம் மங்கிவிடும். உயிருடன் பார்த்த குறிப்பு இல்லாமல், புட்டியில் இருப்பதை வைத்து நிறமியற்றது என்று எழுதுவதை நான் நம்பத் தயங்குவேன்.

குகை உயிரியல் என்ற துறைக்கே ஐசோபாடு ஒன்று தொடக்கப்புள்ளியாக இருந்தது. 1904-இல் மஜோர்கா தீவின் டிராக் குகையில் எமில் ரக்கோவிட்சா கண்டெடுத்த நீர்வாழ் ஐசோபாடு, மறு ஆண்டு டிஃப்லோசிரோலானா மொராகுவெசி என்று பெயர் பெற்றது. 1907-இல் அவர் எழுதிய நீண்ட கட்டுரை இத்துறையின் அடித்தளம். குகையில் தவறி நுழைந்தவை, குகையிலும் வெளியிலும் வாழக்கூடியவை, குகையை விட்டு வாழ முடியாதவை என்று, ஷீனர் 1854-இல் தொடங்கிய பகுப்பை அவர் செம்மைப்படுத்தினார். கவனித்தால், மூன்றும் விலங்கு எங்கே வாழ்கிறது என்பதைப் பற்றிய பகுப்புகள். எப்படித் தோன்றுகிறது என்பதைப் பற்றியவை அல்ல. பின்னாளில் தோற்றமே வாழிடத்துக்குப் பதிலாளாகிவிட்டது. 1980-இல் ஜுபெர்த்தியும் சகாக்களும், மண்ணுக்குக் கீழே மலைச்சரிவின் கற்குவியல் இடுக்குகளிலும் குகை விலங்குகள் வாழ்வதைக் காட்டிய பிறகாவது இந்தக் குறுக்குவழி கைவிடப்பட்டிருக்க வேண்டும்.

ஒரு நல்ல எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். பிரேசிலின் பாயியா மாநிலத்தில், இயுயு சுண்ணாம்புக்கல் மலைத்தொடரின் குகை ஒன்றிலிருந்து 2015-இல் பிளாஸ் ஒன் இதழில் லெய்லா சோசா, ரோட்ரிகோ ஃபெரெய்ரா, ஆந்த்ரே சென்னா மூவரும் விளக்கிய இயுயுனிஸ்கஸ் இயுயுவென்சிஸ். ஸ்டைலோனிஸ்கிடே குடும்பம், கண்ணும் நிறமியும் இல்லை, உடலின் இருபுறமும் முட்களாக நீண்ட பக்கத் தகடுகள். நீரிலும் கரையிலும் நடமாடும் இருவாழ்வி. இவ்வளவோடு நின்றிருந்தால் வழக்கமான விளக்கமாகியிருக்கும். இந்த விலங்கு சேற்றால் ஒழுங்கற்ற உருண்டை வடிவில் சிறு கூடு கட்டி உள்ளே அடைந்துகொள்வதையும் ஆசிரியர்கள் பதிவு செய்தார்கள். புதிய உலகின் மரப்பேன்களில் அதற்குமுன் இப்படியொரு நடத்தை பதிவானதில்லை.

கூடு எதற்கு? ஓடு கழற்றும் காலத்துப் பாதுகாப்புக்கு என்பது ஆசிரியர்களின் விளக்கம். மரப்பேன் ஓட்டை முழுதாக ஒரே தடவையில் கழற்றுவதில்லை. முதலில் பின்பாதி, சிறிது இடைவெளி விட்டு முன்பாதி. அதற்கு முன்பே பழைய ஓட்டின் கால்சியத்தை உறிஞ்சி, முன்னுடலின் அடித்தகடுகளில் வெண்ணிறப் படிவமாகச் சேமித்து வைக்கும். புது ஓடு இறுகும்போது அதை எடுத்துக்கொள்ளும். பாதி உடல் மெத்தென்று, ஓட முடியாத நிலையில் எதிரிக்கு அது எளிய இரை.

என் வாதத்துக்கு இந்தக் கூடு மிக முக்கியமான சான்று. கண் இல்லாமை அந்த விலங்கின் முன்னோர் இருட்டில் வாழ்ந்தனர் என்பதைச் சொல்லும். கூடோ, இந்த விலங்கு இதே இடத்தில் ஓடு கழற்றி வளர்கிறது, வழிதவறி வந்ததல்ல என்பதைச் சொல்கிறது. குடியிருப்பு உறுதியாகிறது. ஆனால் குடியிருப்பு வேறு, வேறெங்கும் குடியில்லை என்பது வேறு. அந்தச் சுண்ணாம்புப் பாறையில் மனிதன் நுழைய முடியாத வெடிப்புகளில் அது பரவியிருக்கலாம் என்ற வாய்ப்பைக் கூடு மூடிவிடவில்லை.

இதே கட்டுரையில் எனக்கு உடன்பாடில்லாத ஒன்றும் உண்டு. ஒரே பேரினம், அதில் ஒரே சிற்றினம். அதற்காகத் தனித் துணைக்குடும்பம் நிறுவப்பட்டிருக்கிறது. ஒரு விலங்கு மற்றவற்றிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பது, அது எந்தக் கிளையிலிருந்து பிரிந்தது என்பதற்கு விடையாகாது. நீண்ட பக்கமுட்கள் அந்த ஒரு வழித்தோன்றலில் மட்டும் அண்மையில் வளர்ந்தவையாக இருந்தால், துணைக்குடும்பம் என்ற படிநிலை வியப்பைக் குறிக்குமேயன்றி உறவைக் குறிக்காது. இதற்கு முந்தைய ஆண்டுதான், 2014-இல், அதே குடும்பத்தில் ஸாங்கோனிஸ்கஸ் என்ற நீர்வாழ் பேரினம் பிரேசில் குகைகளிலிருந்தே விளக்கப்பட்டது. நீர்வாழ்வு இந்தக் குடும்பத்தில் எத்தனை தடவை தோன்றியது என்று தெளிந்த பிறகு படிநிலையைப் பேசியிருக்கலாம்.

விலங்கியல் பெயரிடலின் பன்னாட்டு விதித்தொகுப்பு இந்த விஷயத்தில் உதவாது. வேறுபடுத்தும் பண்புகளைச் சொற்களில் கூறு, மூலமாதிரியைக் குறிப்பிடு, அது வைக்கப்படும் சேகரிப்பைச் சொல் என்கிறது அது. வாழிடம் பற்றிய கூற்றுக்குச் சான்று கேட்பதில்லை; கேட்கவும் முடியாது, அது பெயருக்கான சட்டம். ஆகவே குகைவாழி என்ற சொல் எந்த விதியின் சோதனைக்கும் உட்படாமலே அச்சேறுகிறது.

அச்சேறிய பின் அது சட்டத்துக்குள் நுழைகிறது என்பதுதான் சிக்கல். பிரேசிலில் 1990-ஆம் ஆண்டின் 99,556-ஆம் எண் ஆணை குகைகள் அனைத்தையும் காத்தது. 2008-இன் 6,640-ஆம் எண் ஆணை அவற்றை முக்கியத்துவத்தின்படி நான்கு படிகளாக்கி, உச்சப்படிக்கு மட்டும் மீளாச் சேதத்திலிருந்து முழுக் காப்பு அளித்தது. உச்சப்படிக்கான அளவுகோல்களில் ஒன்று, அரிய குகைவாழியின் வாழிடமாக இருப்பது. 2022 ஜனவரியில் வந்த புதிய ஆணை அந்தக் காப்பையும் தளர்த்த முயன்றது. அதன் சில பிரிவுகளை உச்ச நீதிமன்ற நீதிபதி லெவண்டோவ்ஸ்கி அதே மாதம் நிறுத்திவைத்தார். ஆக, இரும்புத்தாதுச் சுரங்கமா குகையா என்ற வழக்கில் வகைப்பாட்டாளரின் ஒரு சொல் தராசுத் தட்டில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. அந்தச் சட்டத்தில் குகை என்றால் மனிதர் நுழையக்கூடிய நிலத்தடி வெளி. மரப்பேனுக்கு அந்த எல்லை தெரியாது. இரும்புத்தாதுப் பாறையில் நாம் நுழையும் பெரிய துளையைச் சுற்றி விரல்கூட நுழையாத நுண்குழிகள் வலையாகப் பரவியிருக்கின்றன.

மறுப்பு ஒன்று உடனே எழும். வெளியே தேடி முடிக்கும்வரை காத்திருந்தால் குகையே இருக்காது. இல்லாமையை முழுதாக நிரூபிப்பதும் இயலாது. இரண்டும் உண்மை. அதனால் பெயரிடுவதைத் தாமதிக்கச் சொல்லவில்லை. ஆண் மாதிரி கையில் இருந்தால் இன்றே பெயரிடலாம். இரண்டாவது கூற்றுக்கு மட்டும் தனிப் பத்தி ஒதுக்கி, குகைவாயிலைச் சுற்றிய சருகிலும் மண்ணிலும் சரிவின் கற்குவியலிலும் எங்கெங்கே, எந்தப் பருவத்தில், எந்த முறையில் தேடியும் கிடைக்கவில்லை என்று எழுதட்டும். தேடவே இல்லையென்றால் அதையும் எழுதட்டும். சுரங்க நிறுவனத்தின் வழக்கறிஞர் அந்த வரியைப் பிடித்துக்கொள்வாரே என்று அஞ்சத் தேவையில்லை. எழுதாமல் விட்ட வரியை, எதிர்த்தரப்பு அமர்த்தும் வல்லுநர் பத்து மீட்டர் தள்ளி ஒரு கல்லைப் புரட்டிக் காட்டும்போது, கேள்விக்குள்ளாவது வாழிடக் கூற்று மட்டுமாக இருக்காது; அந்த ஆசிரியர் ஊசிமுனையால் பிரித்து வரைந்த வயிற்றுக்காலின் படமும் சேர்ந்து சந்தேகத்துக்கு ஆளாகும்.