செங்கல் கணப்படுப்புக்குச் சாயம் பூசுதல் (பேராக்)

கணப்படுப்பு என்பது அறைச் சுவரோடு சேர்த்துக் கட்டி, புகைபோக்கி வழியே புகையை வெளியேற்றும் விறகடுப்பு. அதன் செங்கல் முகப்பு கரியேறி மங்கியபின் சுண்ணாம்போ சாயமோ பூசிப் புதுப்பிக்கும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இந்த வேலைக்கு முக்கியமாக இரண்டு இடங்கள் உள்ளன. ஒன்று, தைப்பிங்குக்கு மேலே மலையில் உள்ள பழைய பங்களாக்கள். மற்றொன்று, ரப்பர் தோட்டங்களில் எஞ்சி நிற்கும் புகைக்கூடங்களின் அடுப்புகள். மழை ஓயாத இந்த மண்ணில் என்ன நிறம் என்பது இரண்டாவது கேள்விதான். பூசும் சாயம் செங்கல்லுக்குள் இறங்கிய ஈரத்தை வெளியே விடுமா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

ஈப்போவில் பகல் வெப்பம் சாதாரணமாக 33 பாகை செல்சியசைத் தொடும். இரவிலும் 24 பாகை அளவில் இருக்கும். சமவெளி வீடுகளுக்குக் குளிர்காயும் அடுப்பு தேவைப்படவில்லை. ஆங்கிலேய அதிகாரிகள் வெக்கைக்கு ஒதுங்க 1884-இல் உருவாக்கிய மாக்ஸ்வெல் ஹில் வேறு நிலம். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,250 மீட்டர் உயரத்தில் இருக்கும் அந்த மலைவாசத்தலம் 1979-இல் புக்கிட் லாருட் எனப் பெயர் மாறியது. ஊட்டியிலும் நுவரெலியாவிலும் கட்டியது போலவே இங்கும் பங்களாக்களில் கணப்படுப்பு வைத்தார்கள். ஆனால் மழைக்கணக்கில் இந்த மலை ஊட்டியைப் பின்னுக்குத் தள்ளிவிடும். அடிவாரத்துத் தைப்பிங்கிலேயே ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டர் அளவுக்கு மழை பெய்கிறது. சென்னையின் மழை அதில் பாதிகூட வராது. எப்போதாவது மூட்டும் தீயால் இங்கே செங்கல் முழுதாகக் காய்வதில்லை. ஈரம் உள்ளிருக்கும் உப்பைக் கரைத்து வெளியே கொண்டுவர, முகப்பில் வெள்ளையாக உப்புப் பூக்கிறது.

தோட்டத்துப் புகைக்கூடத்தின் கதை வேறு. மரத்திலிருந்து வெட்டியெடுத்த பாலை அமிலம் விட்டு உறையவைத்து, உருளையில் கொடுத்துத் தகடாக்கி, வரிசையாகத் தொங்கவிட்டுச் சில நாட்கள் புகையூட்டுவார்கள். உள்ளே 60 பாகை வரை வெப்பம் இருக்கும். செங்கல் அடுப்பில் எரிந்தது பெரும்பாலும் விறகு, பல இடங்களில் பழைய ரப்பர் மரமே. அந்தத் தோட்டங்களின் உழைப்பாளரில் பெரும்பகுதியினர் தமிழர். 1965-இல் மலேசியத் தர ரப்பர் திட்டம் வந்து கட்டி ரப்பருக்குச் சந்தை பெருகியதும் புகைத்தகட்டின் காலம் சுருங்கியது. பிறகு பல தோட்டங்கள் செம்பனைக்கு மாறின. இந்த அடுப்புச் செங்கல்லில் கரியோடு விறகின் தாரும் ஊறியிருப்பதால், மேலே எதைப் பூசினாலும் பழுப்புக் கறை கசிந்து வரும்.

பேராக்கில் சாயம் பூசாத செங்கல்லைப் பார்க்க வேண்டுமானால் பத்து காஜா அருகே உள்ள கெல்லி மாளிகைக்குப் போகலாம். ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் கெல்லி ஸ்மித் 1915-இல் தொடங்கிய அந்தக் கட்டடத்துக்குத் தமிழகத்திலிருந்து தொழிலாளர்கள் வந்தார்கள். 1926-இல் அவர் லிஸ்பனில் இறந்தார். மாளிகை முற்றுப்பெறாமலே நின்றது. வெயிலிலும் மழையிலும் நிற்கும் அதன் சிவந்த சுவர்களே இன்று மக்கள் பார்க்க வரும் அழகு. செங்கல் பழசாகத் தெரிவதாலேயே அதை மூடிவிட வேண்டும் என்று எண்ணுபவர்கள் அங்கே ஒருமுறை நின்று பார்ப்பது நல்லது.

பூசித்தான் ஆக வேண்டுமென்றால் சுண்ணாம்பே முதல் தேர்வு. அதற்கான மூலப்பொருளும் கையருகே இருக்கிறது. ஈப்போவைச் சூழ்ந்து நிற்பவை சுண்ணாம்புக் குன்றுகள். கிந்தா பள்ளத்தாக்கின் சுண்ணாம்புக்கல் தூய்மைக்குப் பெயர்பெற்றது. சிம்பாங் பூலாய்ப் பக்கத்துக் கல்லுடைப்புகள் இந்த வளத்தை நம்பியே நடக்கின்றன. கல்லை 900 பாகை அளவில் சுட்டால் கரியமில வாயு நீங்கிச் சுட்ட சுண்ணாம்பாகும். அதை நீற்றி, பால்போலக் கரைத்துப் பூசினால், காற்றிலிருந்து அதே வாயுவை வாங்கிக்கொண்டு சுவரில் மறுபடியும் கல்லாக இறுகுகிறது. இது படலமாக நின்று அடைப்பதில்லை. ஈரம் வந்துபோக வழி இருக்கும். 1878-இல் பவேரியாவில் ஆதோல்ஃப் வில்ஹெல்ம் கைம் காப்புரிமை பெற்ற சிலிக்கேட் சாயத்துக்கும் இந்தக் குணம் உண்டு. கடைகளில் எளிதாகக் கிடைக்கும் பிளாஸ்டிக் எமல்ஷன் ஈரமான செங்கல்லில் கொப்புளம் கட்டி உரிந்துவிடும்.

கணப்படுப்புக்கு வெள்ளை பூசுவதன் பயனை ரம்ஃபோர்ட் பிரபு 1796-இலேயே எழுதியிருக்கிறார். அடுப்பின் பக்கச் சுவர்களைச் சாய்த்துக் கட்டி வெள்ளையடித்தால் அவை வெப்பத்தை அறைக்குள் திருப்பியனுப்பும், கறுப்பு அதை விழுங்கிவிடும் என்பது அவர் கணிப்பு.

வேலையில் பெரும்பங்கு பூசுவதற்கு முன்னரே முடிந்துவிடும். முதலில் கரியை உலர்ந்த தூரிகையால் தட்டி, சலவைச் சோடா கரைத்த வெந்நீரால் தேய்த்துக் கழுவ வேண்டும். உப்பை நீர்விடாமல் துடைத்தெடுக்க வேண்டும்; நீர் விட்டால் அது திரும்ப உள்ளே போய்விடும். உதிர்ந்த இணைப்புகளைச் சுண்ணாம்புச் சாந்தால் அடைக்கலாம். சிமெண்ட் சாந்து பழைய செங்கல்லைவிடக் கடினமானது. விரிசல் சாந்தில் விழாமல் கல்லிலேயே விழும். சுண்ணாம்பு பூசுமுன் செங்கல்லை லேசாக நனைத்து, மெல்லிய பூச்சாக மூன்று நான்கு முறை, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகே அடுத்ததைப் பூச வேண்டும். கரைசல் காரமானது; கண்ணுக்கும் கைக்கும் காப்பு அவசியம். தார்க்கறை நீங்காத புகைக்கூடச் செங்கல்லில் சுண்ணாம்பு தோற்றுவிடும். அங்கே அரக்கு கலந்த அடிப்பூச்சு கறையை நிறுத்தும். ஆனால் ஈரத்தையும் நிறுத்திவிடும் என்பதால், அடுப்பு நிரந்தரமாக அணைந்து, கூரையும் ஒழுகாமல் இருக்கும் இடத்தில் மட்டுமே அதற்கு இடமுண்டு.

விறகு எரியும் உட்புறத்துக்கு வீட்டுச் சாயம் ஆகாது. அதிலுள்ள பிசின் இளகி, கருகி, கெட்ட புகை விடும். தீ மூட்டும் வழக்கம் இருந்தால், சுமார் 600 பாகை வரை தாங்கும் சிலிக்கோன் பிசின் கலந்த சாயமே அங்கு ஏற்றது.

ஏற்கெனவே சாயம் உள்ள பழைய அடுப்பைச் சுரண்டுவதில் எச்சரிக்கை தேவை. ஈயம் கலந்த சாயம் அந்தக் காலத்தில் பொதுவானது, அமெரிக்காவில்கூட வீட்டுச் சாயத்தில் 1978-இல்தான் தடை வந்தது. உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூசி கிளப்பக் கூடாது. மணல் வீசிச் சுத்தம் செய்தால் செங்கல்லின் சுட்ட மேற்தோலே போய்விடும். ஒருமுறை போனால் அந்தக் கல் மேலும் நீர் குடிக்கும். தேசிய மரபுடைமைச் சட்டத்தின் (2005) கீழ்ப் பதிவான கட்டடங்களில் இத்தகைய மாற்றத்துக்கு மரபுடைமை ஆணையரின் அனுமதியும் வேண்டும்.