அந்தலூஸின் சிறுபண்ணைகள்: குடியேற்றமும் வேளாண் அறிவும்

நாட்டுப்புறத்தில் ஒரு வீட்டை அமைத்து, அதனைச் சூழத் தோட்டம் செய்து வாழ விரும்பும் ஒருவர் முதலில் எவற்றைக் கவனிக்க வேண்டும்? ஏறக்குறைய ஏழு நூற்றாண்டுகளுக்கு முன்னர், முஸ்லிம் ஸ்பெய்னின் தென்கிழக்குக் கரையில் அமைந்த அல்மேரியா நகரத்தில் வாழ்ந்த ஓர் அறிஞர் இக்கேள்விக்குச் செய்யுள் வடிவில் விரிவாக விடையளித்துள்ளார். அவர் இப்னு லுயூன் (1282–1349). மாணவர்கள் மனனம் செய்வதற்கு இலகுவான ரஜஸ் யாப்பில், 1348 இல் அவர் நிறைவுசெய்த வேளாண்மை நூல் இன்றும் கிரனாடாவில் கையெழுத்துப் பிரதியாகப் பாதுகாக்கப்படுகின்றது.

அந்நூல் எழுதப்பட்டு ஏறத்தாழ 220 ஆண்டுகளின் பின்னர், அதே நிலப்பகுதியின் மலைக் கிராமங்களில் வீடுகளும் தோட்டங்களும் அரச ஆணையொன்றினால் ஒரு மக்களிடமிருந்து பறிக்கப்பட்டு, மற்றொரு மக்களுக்குப் பங்கிட்டளிக்கப்பட்டன. வீடுகள் கைமாறின, வயல்கள் கைமாறின. ஆனால் வேளாண்மை அவ்வாறு கைமாறியதா? இவ்விரு நிகழ்வுகளையும் ஒருங்கே வைத்து நோக்கும்போது புலப்படும் ஓர் உண்மையையே இக்கட்டுரையில் நாம் ஆராய விழைகின்றோம்.

இப்னு லுயூனின் வரைவு

இப்னு லுயூன் தமது நூலின் ஒரு பகுதியில், தோட்டத்தின் நடுவே அமையும் வீட்டினைப் பற்றிப் பேசுகின்றார். வீடு சற்று உயர்ந்த இடத்தில் அமைய வேண்டும். அதனால் காவலும் பார்வையும் எளிதாகும். அதன் முகப்பு தெற்கு நோக்கியிருத்தல் நன்று. கிணறோ தடாகமோ உயரமான இடத்தில் அமைய வேண்டும். கிணற்றைவிட, மரநிழலின் கீழ் ஓடிவரும் வாய்க்கால் மேலும் சிறந்தது. தடாகத்தை அண்டிப் பசுமை மாறாச் செடிகள், அவற்றை அடுத்து மலர்கள், எல்லைகளில் திராட்சைக் கொடிகள், நடுவே பந்தலிட்ட பாதைகள் என அவரது வரைவு விரிகின்றது. கனிமரங்கள் வடபுறத்தில் நிற்க வேண்டும் என்பார். அவை வாடைக் காற்றைத் தடுக்கும், வெயிலை மறைக்கமாட்டா.

இது செல்வரின் உல்லாசத் தோட்டம் மாத்திரமன்று. கால்நடைகளுக்கான தொழுவம், புறாக்கூடு, விருந்தினர் தங்கும் தனியிடம், பாதுகாப்பு கருதி வீட்டுக்கு இரு வாயில்கள் என்பனவும் அவரது கவனத்துக்குத் தப்பவில்லை. வேலைக்கு இளையோரை அமர்த்துமாறும், ஆலோசனைக்கு முதியோரைச் செவிமடுக்குமாறும் அவர் கூறுவது ஈண்டு சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது. வேளாண்மைக்கு உடல்வலிமை வேண்டும். ஆனால் அவ்வலிமையை எங்கே, எப்போது செலவிட வேண்டும் என்பதை அந்நிலத்தில் நீண்டகாலம் உழைத்தவரே அறிவர். இவ்வறிவுரையின் பெறுமதியைப் பின்வரும் வரலாறு உணர்த்தும்.

இப்னு லுயூன் இவற்றையெல்லாம் தாமே கண்டறிந்ததாக உரிமை கோரவில்லை. தமக்கு முற்பட்ட இப்னு பஸ்ஸால், அத்திக்னரீ ஆகியோருக்குத் தாம் கடன்பட்டிருப்பதை அவர் ஒப்புக்கொள்கின்றார். இப்னு பஸ்ஸால் பதினோராம் நூற்றாண்டில் தொலேதோவின் ஆட்சியாளர் அல்-மஃமூனின் தோட்டங்களில் பணியாற்றியவர். 1085 இல் அந்நகர் வீழ்ந்தபின் செவில் நகருக்குச் சென்று, அங்கும் தமது பணியைத் தொடர்ந்தார். மண்ணைப் பத்து வகையாகவும், நீரை மழைநீர், ஆற்றுநீர், ஊற்றுநீர், கிணற்றுநீர் என நான்காகவும் பிரித்து, எப்பயிருக்கு எது உகந்தது என அவர் எழுதினார். பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் செவிலில் வாழ்ந்த இப்னுல் அவ்வாம், இம்மரபு முழுவதையும் தொகுத்துப் பெருநூலொன்றை ஆக்கினார். அதனை ஸ்பானிய அரசு 1802 இல் மொழிபெயர்ப்புடன் அச்சிட்டது. நாட்டின் விவசாயத்தைச் சீர்செய்ய விரும்பிய பிற்கால ஸ்பெய்ன், தான் வெளியேற்றிய மக்களின் நூலையே நாடிச் சென்றது என்பது சிந்தனைக்குரியது.

நிலமும் உழைப்பும்

இந்நூல்களுக்குப் பின்னணியாக ஒரு சட்டச் சிந்தனையும் இருந்தது. உரிமையாளரற்ற தரிசு நிலத்தை உயிர்ப்பிப்பவருக்கே அந்நிலம் உரியதாகும் என்னும் கருத்து நபிமொழியை ஆதாரமாகக் கொண்டது. பிக்ஹ் நூல்கள் இதனை 'இஹ்யாஉல் மவாத்' எனும் தலைப்பில் விரிவாக ஆராய்கின்றன. இதற்கு ஆட்சியாளரின் அனுமதி அவசியம் என்பது இமாம் அபூஹனீபாவின் கருத்து. அவரது மாணவர்களான அபூயூஸுபும் முஹம்மதும் அதனை நிபந்தனையாகக் கொள்ளவில்லை. அந்தலூஸில் செல்வாக்குப் பெற்றிருந்த மாலிகி மத்ஹபோ, குடியிருப்புக்கு அண்மையிலுள்ள நிலத்துக்கு அனுமதி வேண்டும், தொலைவிலுள்ளதற்கு வேண்டியதில்லை எனப் பிரித்து நோக்கியது.

இங்கு நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது, நிலத்தை வளைத்துப் போடுவது உயிர்ப்பித்தலாகாது என்பதாகும். எல்லையிட்டுவிட்டு மூன்றாண்டுகள் பயிரிடாது விட்டவருக்கு அதில் உரிமை இல்லை என்ற தீர்ப்பு கலீபா உமர் (ரலி) அவர்களுடன் தொடர்புபடுத்தப்படுகின்றது. நிலத்துக்குச் சொந்தக்காரர் ஒருவராகவும் உழைப்பவர் வேறொருவராகவும் இருப்பின், விளைச்சலில் இருவருக்கும் பங்குண்டு. ஹிஜ்ரி 7 (கி.பி. 628) இல் கைபர் தோட்டங்களின் விளைச்சலில் பாதியை, அங்கேயே வாழ்ந்து உழைத்துவந்த யூதர்களுக்கு விட்டுக்கொடுத்து நபி (ஸல்) அவர்கள் செய்த உடன்பாடு இதற்கு முன்மாதிரியாகக் கொள்ளப்படுகின்றது. பேரீச்சந் தோட்டத்தை அறிந்தவர்களிடமே அதன் பராமரிப்பு விடப்பட்டது என்பதையும் நாம் இங்கு மனங்கொள்ளலாம்.

அல்புஷர்ராத் மலைச்சரிவுகள்

இச்சிந்தனையும் அனுபவமும் ஒன்றிணைந்து உருவாக்கிய நிலக்காட்சிகளுள் ஒன்று, சியெரா நெவாதா மலையின் தெற்குச் சரிவுகளில் அமைந்த அல்புஷர்ராத் பிரதேசமாகும். இன்று அது அல்புஹாரா என வழங்குகின்றது. செங்குத்தான சரிவுகளைப் படிப்படியாக வெட்டி, கற்சுவர் எழுப்பி, சிறு சிறு பாத்திகளாக்கி அங்கு மக்கள் பயிரிட்டனர். ஒரு குடும்பத்தின் நிலம் ஒரே இடத்தில் இருப்பதில்லை. வீடு ஓரிடத்தில், நீர்ப்பாய்ச்சல் நிலம் சற்றுக் கீழே, திராட்சையும் ஒலிவமும் வேறிடங்களில் எனச் சிதறியிருந்தது. பட்டுப்புழுவுக்குத் தழை தரும் முசுக்கட்டை மரங்களே அங்கு பணவருவாயின் முதுகெலும்பாக இருந்தன. நிலம் ஒருவருக்கும் அதில் நிற்கும் மரம் மற்றொருவருக்கும் உரியதாக இருப்பதும் வழக்கமாயிருந்தது.

இவையனைத்தையும் பிணைத்தது நீர். இளவேனிலில் உருகும் பனிநீரை மலையின் மேற்பகுதியிலேயே நீண்ட மண்வாய்க்கால்களால் திருப்பி, குறிப்பிட்ட இடங்களில் நிலத்தினுள் கசிய விடுவர். அந்நீர் பாறைகளினூடே மெதுவாக இறங்கி, வாரங்கள் பலவும் மாதங்கள் சிலவும் கழித்து, கோடைக் காலத்தில் கீழேயுள்ள கிராமங்களின் ஊற்றுகளில் வெளிப்படும். நீர்த்தேக்கம் கட்டாமல் மலையையே நீர்த்தேக்கமாக்கிய நுட்பம் இது. எந்த இடத்தில் எவ்வளவு நீரை விட்டால் எந்த ஊற்று எப்போது பெருகும் என்பது எந்நூலிலும் எழுதப்பட்டிருக்கவில்லை. வாய்க்காலைக் காத்தவரின் நினைவிலேயே இருந்தது. யாருக்கு எந்நாளில் எவ்வளவு நேரம் நீர் என்ற முறைவரிசையும் அவ்வாறே.

கைமாறிய வீடுகள்

1492 ஜனவரி 2 ஆம் நாள் கிரனாடா கைமாறியபோது, முஸ்லிம்களின் மார்க்கமும் சொத்துக்களும் பாதுகாக்கப்படும் என உடன்படிக்கை உறுதியளித்திருந்தது. பத்தாண்டு கழிவதற்குள் அவ்வுறுதி மீறப்பட்டு, அவர்கள் கட்டாயமாக மதம் மாற்றப்பட்டனர். 'மொரிஸ்கோக்கள்' என அழைக்கப்பட்ட இவர்களின் மொழியையும் உடையையும் வழக்காறுகளையும் 1567 இல் வெளியிடப்பட்ட ஆணை தடைசெய்தது. 1568 டிசம்பரில் அல்புஷர்ராத்தில் கிளர்ச்சி வெடித்தது. அது கொடூரமாக அடக்கப்பட்டது. கிளர்ச்சியின்போது கிறிஸ்தவக் கிராமவாசிகளும் மதகுருமாரும் கொல்லப்பட்டனர் என்பதையும் நேர்மையாகக் குறிப்பிடுதல் வேண்டும். 1570 இன் இறுதியில் கிரனாடாவின் மொரிஸ்கோக்கள் பல்லாயிரக்கணக்கில் காஸ்டீலின் உட்பகுதிகளுக்கு நாடு கடத்தப்பட்டனர். பனிக்காலப் பயணத்தில் பலர் வழியிலேயே மடிந்தனர். 1571 பெப்ரவரியில் அவர்களது வீடுகளும் நிலங்களும் அரசுடைமையாக்கப்பட்டன.

வெறுமையான கிராமங்களுக்கு கலீஸியா, அஸ்தூரியாஸ், லெயோன், காஸ்டீல் முதலிய பகுதிகளிலிருந்து பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் கொண்டுவரப்பட்டன. ஒவ்வொரு கிராமத்தின் சொத்துக்களும் அளந்து பதிவுசெய்யப்பட்டு, ஒரு வீடு, சிறிது நீர்ப்பாய்ச்சல் நிலம், சில மரங்கள் என்றவாறு பங்குகளாக்கப்பட்டு, சீட்டுக் குலுக்கி வழங்கப்பட்டன. அப்பங்கின் பெயரே 'ஸுவெர்த்தே', அதாவது அதிர்ஷ்டம் என்பதாகும்.

இங்குதான் நமது கேள்விக்கான விடை வெளிப்படுகின்றது. அளக்க வந்த அதிகாரிகளுக்கு வயல்களின் எல்லை தெரியவில்லை. மரத்தின் உரிமை தெரியவில்லை. நீரின் முறை தெரியவில்லை. எனவே, விரட்டப்பட்ட சமூகத்திலிருந்தே, நிலமறிந்த சிலர் எல்லைகளையும் நீர்முறைகளையும் காட்டுவதற்காக நிறுத்திவைக்கப்பட்டனர். தமது அயலவரின் வீடுகளை அந்நியருக்குப் பெயர்சொல்லிக் காட்டிய அம்முதியோரின் மனநிலை எவ்வாறிருந்திருக்கும் என்பதைப் பதிவேடுகள் கூறுவதில்லை.

புதிய குடியேறிகளும் ஏழைகளே. அவர்களைப் பழிப்பது நமது நோக்கமன்று. மழை வளமிக்க வடபுல மண்ணை அறிந்தோர், கோடையில் வாய்க்காலை நம்பி வாழும் மலைச்சரிவில் விடப்பட்டனர். பங்குகளின் போதாமை, கரையோரத் தாக்குதல்கள் பற்றிய அச்சம், பழக்கமற்ற வேளாண்முறை ஆகியவற்றால் பலர் விட்டுச் சென்றனர். பட்டுத் தொழில் முன்னைய நிலையை மீண்டும் எய்தவில்லை. எஞ்சியோர் கற்றுக்கொண்டனர், வாய்க்கால்கள் பலவற்றைக் காத்தனர். ஸாகியா 'அஸேக்கியா' ஆயிற்று. அல்பிர்கா 'அல்பெர்க்கா' ஆயிற்று. நாஊரா 'நோரியா' ஆயிற்று. பொருளைக் கற்றவர்கள் அதன் பெயரையும் கூடவே ஏற்றனர்.

நூற்றுக்கு ஆறு

இவ்வனுபவத்தின் பின்னரும், 1609 இல் ஸ்பெய்னிலிருந்து மொரிஸ்கோக்களை முற்றாக வெளியேற்ற முடிவாயிற்று. வலென்ஸியாவுக்கென அவ்வாண்டு செப்டம்பர் 22 ஆம் நாள் வெளியிடப்பட்ட ஆணையில் ஒரு விந்தையான விதிவிலக்கு காணப்படுகின்றது. நூறு குடும்பங்களுக்கு ஆறு குடும்பங்கள் தங்கியிருக்கலாம். வீடுகளையும் கரும்பாலைகளையும் நெல் விளைச்சலையும் நீர்ப்பாசனத்தையும் பேணி, புதிய குடிகளுக்கு விவரம் கூறுவதே அவர்களது கடமை. மக்கள் வேண்டாம், அவர்களது அறிவு மட்டும் வேண்டும் என்பதன் சட்ட வடிவமே இது. தம்மவரைப் பிரிந்து தங்க மொரிஸ்கோக்களில் மிகப் பெரும்பாலோர் உடன்படவில்லை. 1614 வரையான காலத்தில் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் ஸ்பெய்னை விட்டு வெளியேற்றப்பட்டனர்.

அவர்களுள் பெருந்தொகையினர் துனீஸியாவை அடைந்தனர். அங்கு ஆட்சியிலிருந்த உஸ்மான் தாய் அவர்களை வரவேற்று, நிலமளித்து, வரிச்சலுகையும் வழங்கினார். மஜர்தா ஆற்றுச் சமவெளியில் தஸ்தூர் போன்ற ஊர்களை அவர்கள் அமைத்தனர், வாய்க்கால் வெட்டினர், கனிமரங்கள் நட்டனர். இன்றும் தஸ்தூர் மாதுளைக்குப் பெயர்பெற்றது. கையில் வீடின்றி வந்தவர்கள், தோட்டத்தைத் தம்முடனேயே கொண்டுவந்திருந்தனர்.

அல்புஹாராவின் வரலாறும் முடிந்துவிடவில்லை. இருபதாம் நூற்றாண்டில் கிராமங்கள் வெறுமையாகி, வாய்க்கால்கள் பல தூர்ந்தன. அண்மை ஆண்டுகளில் கிரனாடா பல்கலைக்கழக ஆய்வாளர்களும் தன்னார்வலர்களும் அவற்றை மீண்டும் தோண்டித் துலக்கி வருகின்றனர். வாய்க்காலின் தடத்தை அறிய அவர்கள் முதலில் நாடுவது, அவ்வூர்களில் எஞ்சியிருக்கும் முதிய உழவர்களையும் மேய்ப்பர்களையுமே. இப்னு லுயூன் 1348 இல் கூறிய அறிவுரையும் அதுவேயன்றோ!