துணி இறுகினால்தான் இறக்கை

1910 மார்ச் மாதம் பல்லாவரத்தில் ஒரு விமானம் மேலெழுந்தது. மௌண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திவந்த ஜியாகோமோ டி'ஏஞ்சலிஸ் அதைத் தாமே வடிவமைத்து, தாமே ஓட்டினார். முந்தைய ஆண்டு ஜூலை 25 அன்று லூயி ப்ளேரியோ ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்த செய்தி மூட்டிய ஆசை அது. சென்னையின் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் அவரோடு நிறுத்திக்கொள்வார்கள். என் கண்ணோ அந்த விமானத்தைக் கட்டிக்கொடுத்த சிம்சன் பட்டறையின் மேல்தான்.

1840இல் தொடங்கிய சிம்சன், குதிரை வண்டி கட்டிப் பேர் வாங்கிய கம்பெனி. 1903இல் அங்கே சாமுவேல் ஜான் கிரீன் ஒரு நீராவிக் காரையே உருவாக்கினார். அன்றைய விமானம் என்பது மரச்சட்டம், இழுகம்பி, துணி. மரத்தை எடை குறைய இழைப்பது, வளைப்பது, கூரைத்துணியைச் சுருக்கமில்லாமல் இழுத்துத் தைப்பது, வார்னிஷை மெல்லிசாக ஏற்றுவது என்று சாரட்டு வண்டிக்கு வேண்டிய கைத்திறன் எல்லாம் இறக்கைக்கும் வேண்டியிருந்தது.

பிற்காலத்தில் இதே மாதிரி வேலையைச் செய்தவன் நான். கொல்லிமலைச் சோளக்காட்டில் பிறந்து, கீழே இறங்கி, விமானப் பயிற்சிக் கழகம் ஒன்றின் ஹாங்கரில் புஷ்பக் விமானங்களுக்குத் துணி போர்த்தினேன். புஷ்பக், பெங்களூரு எச்.ஏ.எல். தயாரித்த சின்ன விமானம். 1958இல் முதன்முதலாகப் பறந்தது.

சட்டம் கூடியதும் விமானம் முடிந்துவிட்டது என்று பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். எங்களுக்கு அப்போதுதான் வேலை ஆரம்பம். இறக்கைமேல் துணியை இழுத்துப் போர்த்தி, மெழுகு ஏற்றிய நூலால் இறக்கைக்கு வடிவம் தரும் ரிப் என்ற சட்டம் ஒவ்வொன்றோடும் சேர்த்துத் தைப்போம். தையலை மறைத்து, ஓரம் பல்பல்லாக வெட்டிய நாடாவை ஒட்டுவோம். அப்புறம் டோப், அதாவது துணியை இறுக்கும் பூச்சு. முதல் பூச்சு இழைக்குள் ஊற வேண்டும். காயக் காயத் துணி இறுகும். சுண்டினால் கணீரென்று கேட்கும். அதற்கு மேல், வெயில் துணியை அரிக்காதிருக்க அலுமினியப் பொடி கலந்த பூச்சு, கடைசியில் வர்ணம். ஈரக்காற்றில் பூசினால் வெளுத்துப்போய்ப் பிடிமானம் கெடும். அதனால் மழைநாளில் டோப் டின்னைத் திறக்கவே மாட்டோம். டோப்பைக் கரைக்கும் அமைல் அசிட்டேட் பழுத்த வாழைத்தார் போல மணக்கும். மலைக்காரனான எனக்கு அது ஊர் வாசனை.

தண்ணீர் வடியத் துளை விட்டோமா, இழுகம்பியை முறுக்கி இறுக்கும் டர்ன்பக்கிள் ஒவ்வொன்றும் கம்பி சுற்றிப் பூட்டப்பட்டதா, எடை எந்தப் புள்ளியில் நிற்கிறது என்று பார்த்த பிறகுதான் எங்கள் கை விலகும். பூசிய பூச்சுக்கும் எடை உண்டு. வால்பக்கம் கொஞ்சம் கூடினாலும் சமநிலை மாறிவிடும்.

டோப் வருமுன் ஆளுக்கொரு வழி கண்டார்கள். 1903இல் ரைட் சகோதரர்கள் எதுவும் பூசாத மஸ்லின் துணியோடு பறந்தார்கள். 1910இல் அயர்லாந்தில் தம் விமானத்தைத் தாமே கட்டிய லிலியன் பிளாண்ட், ஜெலட்டினும் ஃபார்மலினும் கலந்து துணிக்குப் பூசினார். ஸ்டார்ச் கஞ்சி காய்ச்சிப் பூசியவர்களும் உண்டு. எங்கள் மலைக் குச்சிக்கிழங்கு கீழே சேகோ ஆலைகளில் ஸ்டார்ச்சாக மாறுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அந்தப் பழைய கைகளை எனக்குத் தெரியும் என்றே தோன்றுகிறது.

இந்த வேலை உயிரையும் வாங்கியிருக்கிறது. முதல் உலகப்போரின்போது பிரிட்டன் தொழிற்சாலைகளில் டோப்பில் கலந்த டெட்ராகுளோரோஈத்தேன் ஆவியால் பூச்சு வேலை செய்தவர்கள் மஞ்சள்காமாலை கண்டார்கள், சிலர் இறந்தார்கள். பிறகுதான் அந்தக் கரைப்பானைக் கைவிட்டார்கள். விமானிகளுக்கு நினைவுச்சின்னம் எழுப்பும்போது இவர்களையும் எண்ண வேண்டும்.

டி'ஏஞ்சலிஸின் துணிச்சலுக்குரிய பெருமை அவருக்கே. ஆனால் ஒரு தையல் விட்டிருந்தால், ஒரு கம்பி தளர்ந்திருந்தால், அந்தத் துணிச்சல் பல்லாவரத்து மண்ணைத் தாண்டியிருக்காது. ஆகவே தமிழ்நாட்டு விமான வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது சிம்சன் பட்டறையிலிருந்து தொடங்குங்கள். பறந்தவர் பெயரோடு தச்சு, தையல், பூச்சு என்ற மூன்று தொழில்களின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.